பெண் விடுதலையும் விடுதலைப் பத்திரமும்

(பெருமுக்கல் பொதுக்கூட்டத்தில் நாம் பேசியது)



பெண் விடுதலைக்கு ஆண்கள் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி நமக்கு உத்தரவாகி இருக்கிறது. இந்த விஷயத்தைப் பேச வந்திருப்பது ஓர் ஆண். அழைத்தவர்களும் ஆண்கள். எதிரே வசதியாக உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேரும் ஆண்கள். யாருடைய விடுதலையைப் பற்றிப் பேசப்போகிறோமோ அந்தத் தாய்மார்கள் திண்ணை ஓரத்திலும் கதவு மறைவிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள். இன்னும் பலர் நாம் வீடு திரும்பும்போது சோறு ஆறிப்போகாமல் இருக்க வேண்டுமே என்று அடுப்பங்கரையில் இருக்கிறார்கள். ஆகவே, முதலில் முன்வரிசையில் இருக்கும் தோழர்கள் எழுந்து தாய்மார்களுக்கு இடம் விட்டுவிட்டுப் பின்னால் போய் நிற்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். கொஞ்சம் சலசலப்பானாலும் பாதகமில்லை, பொறுத்திருக்கிறோம்.

உங்கள் ஊர் பெயர் பெற்ற ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஐதர் அலியும் இந்த மலைக்கோட்டைக்காக அடித்துக்கொண்டார்கள். அதற்கெல்லாம் வெகு காலத்திற்கு முன்னே எழுத்தறியாத ஆதிகால மனிதர்கள் இம்மலையின் பாறையில் உருவங்களைக் கீறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் ஊரில் போய் மலையைப் பற்றிக் கேட்டால் சண்டையைப் பற்றியோ ஆதி மனிதனைப் பற்றியோ சொல்லுவார் இல்லை. "சீதையம்மா இருந்த குகை, லவனும் குசனும் பிறந்த இடம்" என்றுதான் சொல்லுகிறார்கள். இராமாயணம் நடந்த கதையா, நடவாத கதையா என்ற வழக்கை இன்றைக்கு நாம் எடுக்கப் போவதில்லை. நடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது அந்தக் கதையில் வரும் ஆண்கள்.

நிறை கர்ப்பிணியான பெண் ஒருத்தி. குற்றம் ஒன்றும் செய்யாதவள். அவள் குற்றமற்றவள் என்பது புருஷனுக்கே தெரியும். ஊரார் ஏதோ பேசுகிறார்கள் என்பதற்காக அவளைக் காட்டில் விட்டுவிட உத்தரவு போடுகிறான். (ஊர் பேசியது என்பதை வண்ணான் பேசியதாக மாற்றிப் பழியை ஓர் ஏழைத் தொழிலாளியின் தலையில் கட்டினவர்கள் பிற்காலத்தார். வால்மீகி பெயரால் உள்ள உத்தர காண்டத்தில் வண்ணான் கிடையாது. ஊரார் பேச்சு என்றுதான் இருக்கிறது. நம் தேசத்தில் கதையில்கூடக் குற்றம் கீழே இறங்கி ஏழையிடம்தான் போய்ச் சேருகிறது.) புருஷனைப் பற்றிப் பேசத் தேவையில்லை. அவனைப் போன்றவர்கள் ஊருக்கு நாலு பேர் எக்காலத்திலும் உண்டு. நாம் உங்களைக் கவனிக்கச் சொல்லுவது தம்பியை. லட்சுமணனுக்கு அண்ணியின் மேல் மரியாதை உண்டு. உத்தரவு அநியாயம் என்பதும் தெரியும். அவன் என்ன செய்தான்? ரதத்தில் ஏற்றினான், கங்கைக் கரைக்கு அழைத்துப் போனான், ஓடத்தில் அக்கரை சேர்த்தான், விஷயத்தைச் சொல்லி விம்மி விம்மி அழுதான், அழுது முடிந்ததும் அவளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

தோழர்களே! இன்றைக்குப் பெண்கள் விஷயத்தில் நல்லவர்கள் என்று பெயர் வாங்கியிருக்கும் ஆண்களில் பெரும்பாலோர் இந்தத் தம்பிமார்கள்தான் என்று நாம் துணிந்து சொல்லுவோம். அக்கிரமம் என்று தெரியும், கண்ணீரும் வரும், ஆனால் ரதத்தை ஓட்டிக்கொண்டு போய் விடுகிறவனும் அவனேதான். வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் இந்த மலைக்குகைக்குக் கதையே இருந்திருக்காது.

அப்புறம் வால்மீகி. அநாதையாய் நின்றவளுக்கு இடம் கொடுத்தான், நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்த நல்லவனும் என்ன செய்தான்? அவளைச் சபைக்கு அழைத்து வந்து, "இவள் பத்தினி, நான் சாட்சி" என்று சொன்னான். அப்படிச் சொல்லியும் அவள் தானாகவே ஒரு சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. அவள் பூமிக்குள்ளே போனாளாம். போகாமல் என்ன செய்வாள்? விட்டவனும் ஆண், அழுதவனும் ஆண், சாட்சி சொன்னவனும் ஆண், தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த சபையும் ஆண் சபை.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பெரியார் அவர்கள் 1928லேயே 'குடி அரசு'வில் ஒரு பெரிய கேள்வியைக் கிளப்பினார். பெண்களின் விடுதலைக்காக ஆண்கள் பாடுபடுவதாகச் சொல்லுவதைப் பெண்கள் நம்பி ஏமாந்துவிடக் கூடாது. அந்தப் பாடு பெண்களை இன்னும் கட்டிப்போடுவதற்கே உதவும். விடுதலை பெண்களாலேயே வர வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இதை எழுதினவரும் ஓர் ஆண் என்பதால், "அப்படியானால் உங்களுக்கு இதில் என்ன வேலை? நாங்கள் சும்மா இருந்துவிடுகிறோமே" என்று கேட்கும் கெட்டிக்காரர்களை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். சும்மா இருக்கச் சொல்லவில்லை, ஐயா! பெண்ணுக்கு விடுதலையைப் பிச்சை போடுகிற தர்மப்பிரபு வேஷம் உமக்கு வேண்டாம் என்றுதான் சொல்லப்பட்டது. உம் கையில் அவளுக்குச் சொந்தமானது என்னென்ன அகப்பட்டுக் கிடக்கிறது என்று பார்த்து அதைக் கீழே வைப்பதற்கு உம்மை யார் தடுத்தார்கள்?

கீழே வைத்த ஆண்கள் இல்லாமலில்லை. பெரியாரே, தம் சகோதரியின் மகள் குழந்தைப் பருவத்திலேயே தாலி அறுத்து நின்றபோது, இயக்கம் என்ற பேச்சே இல்லாத 1909ல், உறவின் முறையார் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டே மணந்தார். அவர் அதற்கு ஒப்புக்கொண்டார். டாக்டர் அம்பேத்கர் பெண்களுக்குச் சொத்தும் விவாகரத்தும் தரும் இந்துச் சட்ட மசோதாவைக் கொண்டுவந்து, அதை நிறைவேற்றாமல் இழுத்தடிக்கிறார்கள் என்று கண்டதும் 1951 செப்டம்பரில் மந்திரிப் பதவியையே தூக்கி எறிந்தார். மந்திரி பதவி என்றால் நம் ஊரில் என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்து தேசத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் என்று ஓர் அறிஞர் இருந்தார். அவர் 1867ல் பார்லிமெண்டில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து 73க்கு 196 என்று தோற்றுப் போனவர். அது ஒருபுறமிருக்கட்டும். அதற்குப் பதினாறு வருஷத்திற்கு முன், 1851ல், ஹாரியட் டெய்லர் என்னும் அம்மையாரை மணக்கும் சமயத்தில் அவர் ஒரு பத்திரம் எழுதி வைத்தார். அக்காலத்து இங்கிலீஷ் சட்டப்படி கல்யாணம் ஆன அன்றே பெண்ணின் சொத்தும் சம்பாத்தியமும் புருஷன் வசமாகிவிடும். அப்படிப்பட்ட சட்டத்தைத் தாம் ஒப்பவில்லை என்றும், அச்சட்டம் தமக்குக் கொடுக்கும் அதிகாரம் எதையும் தாம் உபயோகிப்பதில்லை என்றும், கல்யாணம் ஆகாதிருந்தால் அந்த அம்மாளுக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்குமோ அவ்வளவும் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். சட்டப்படி அது செல்லாது என்பதும் அவருக்குத் தெரியும். செல்லாவிட்டாலும் எழுதினார். இதைத்தான் நாம் ஆண் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் என்று சொல்லுகிறோம்.

நம் ஊரிலும் விடுதலைப் பத்திரம் உண்டு. தெரியாதவர்கள் யாரும் இங்கே இருக்கமாட்டீர்கள். திண்டிவனம் பத்திர ஆபீஸ் வாசலில் எந்தப் பத்திர எழுத்தரைக் கேட்டாலும் அரைமணி நேரத்தில் எழுதித் தருவார். ஆனால் அதை எழுதுகிறவன் ஆண் இல்லை. தகப்பன் செத்துக் கருமாதி ஆனதும் அண்ணன் தம்பிகள் ஒரு காரை வாடகைக்குப் பிடித்து, கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய் அக்காள் தங்கைகளை அழைத்து வருகிறார்கள். நல்ல சாப்பாடு, ஒரு புடவை. ஆபீசில் போட்டோ எடுக்கிறார்கள், ரேகை வைக்கிறார்கள். "என் தகப்பனார் சொத்தில் எனக்குள்ள பாகத்தை என் சகோதரர்களுக்கு விடுதலை செய்து கொடுத்தேன்" என்ற கருத்தில் எழுதியிருக்கும் காகிதத்தில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். பெண் விடுதலை என்று மேடை தோறும் நாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, சர்க்கார் முத்திரைத் தாளில் விடுதலை என்ற பேரில் நடப்பது இதுதான்! சொத்துக்கு அவளிடமிருந்து விடுதலை. அவளுக்கு ஒரு புடவை.

இந்தப் பங்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில், இங்கிருந்து வெகு தூரமில்லாத செங்கல்பட்டில், திரு. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் தலைமையில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை, வாரிசு பாத்தியதை, விருப்பம்போல் தொழில், பெண்ணுக்குக் கல்யாண வயது பதினாறுக்கு மேல், விரும்பாத புருஷனை விலக்க உரிமை, விதவை மணம் என்று தீர்மானங்கள் போட்டார்கள். சிரித்தார்கள் பலர். அதே வருஷம் சர்க்கார் சாரதா சட்டம் கொண்டுவந்தபோது பெண்ணின் வயதைப் பதினாலு என்றுதான் வைத்தது. 1928 முதல் புரோகிதரில்லாமல் கல்யாணம் செய்துகொண்ட தம்பதிகள் இருந்தார்களே, அவர்கள் கல்யாணம் செல்லாது என்று 1953ல் ஐக்கோர்ட் சொல்லிற்று. 1967ல் சட்டம் திருத்தப்படும் வரையில் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் வாரிசு பாத்தியதை அந்தரத்தில் தொங்கிற்று. சொத்துரிமையோ இன்னும் மெதுவாக வந்தது. 1956ல் வந்த இந்து வாரிசுச் சட்டம் தகப்பனின் சுயார்ஜித சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்றது. பிதுரார்ஜிதத்தில் பிறப்பால் வரும் பாத்தியதையை மட்டும் ஆணுக்கே வைத்துக்கொண்டது. ஆந்திராவில் 1986லும், தமிழ்நாட்டில் 25-3-1989 முதலும் அதையும் சமமாக்கினார்கள். செங்கல்பட்டுக்கும் அதற்கும் இடையில் அறுபது வருஷம்! அந்தச் சட்டமும் அத்தேதிக்கு முன் கல்யாணமாகிப் போன பெண்களை விட்டுவிட்டது. 9-9-2005 முதல் வந்த மத்திய சட்டத்தில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் இல்லை. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடிருந்தானா என்ற கேள்வியும் தேவையில்லை, பெண் பிறப்பாலேயே பங்காளி என்று 2020 ஆகஸ்ட் 11ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்னமே முறைப்படி ரிஜிஸ்தர் செய்து பாகம் பிரித்தவற்றை மட்டும் கிளற முடியாது.

ஆக, சட்டம் வந்து சேர்ந்துவிட்டது. மேல்கோர்ட்டும் சொல்லியாகிவிட்டது. எண்பது, தொண்ணூறு வருஷப் போராட்டத்தில் வந்த ஒரு பங்கை, அரைமணி நேரத்தில், ஒரு காகிதத்தில், பாசமுள்ள அண்ணன் திரும்ப வாங்கிக்கொள்ளுகிறான். இந்த அண்ணன் கெட்டவன் என்று நினைக்காதீர்கள். தங்கை மேல் உயிரையே வைத்திருப்பான். அவள் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவான். லட்சுமணன் அழுதது பொய்யா? நிஜமாகத்தானே அழுதான்?

கேட்டால் காரணங்கள் சொல்லுகிறார்கள். முதலாவது, "கல்யாணத்திற்கு இவ்வளவு செலவு செய்தோமே, நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்பது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவன் ஊரான். பந்தலுக்கும் மேளத்துக்கும் கொடுத்த பணத்தில் அவள் ஒரு குழி நிலமாவது பார்த்தாளா? போட்ட நகை எங்கே இருக்கிறது? பாதி அடகுக் கடையில், மீதி புருஷன் வீட்டுப் பெட்டியில். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம்; அந்தக் குற்றத்தில் செலவான பணத்தை அவள் கணக்கில் பற்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? அப்படியே எழுதுவதானாலும் மகன் கல்யாணச் செலவை அவன் பங்கில் கழித்த குடும்பம் ஏதாவது இந்தத் தாலுக்காவில் உண்டா?

இரண்டாவது, "அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள், நாங்கள் கேட்கவே இல்லை" என்பது. ஏன் வேண்டாமென்று சொன்னாள் என்று கேட்டீர்களா? நாளைக்குப் புருஷன் அடித்துத் துரத்தினால் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டும். மகள் பெரியவளானால் தாய்மாமன் சீர் வரவேண்டும். தான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். பங்கு கேட்டால் இந்த வாசல் அடைபட்டுப் போகும் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்திற்குக் கட்டுகிற கப்பம்தான் அவள் போடுகிற கையெழுத்து. சொந்தமாக அரை ஏக்கரா மல்லாட்டைக் கொல்லை அவள் பேரில் இருந்தால், புருஷன் கையை ஓங்குமுன் ஒருதரம் யோசிப்பான். அவளும் வந்து நிற்க அண்ணனின் வாசலையே நம்பியிருக்க வேண்டியதில்லை. உங்களிடம் அடைக்கலம் கேட்கிற நிலைமையை நீங்களே உண்டாக்கிவிட்டுப் பிறகு அடைக்கலம் கொடுப்பதில் என்ன பெருமை?

மூன்றாவது காரணம்தான் கொஞ்சம் யோக்கியமானது. "அவள் பேருக்குக் கொடுத்தால் மச்சான் அல்லவா விற்றுச் சாப்பிடுவான்?" என்கிறார்கள். சாப்பிடுகிறவர்கள் உண்டு. பெண்டாட்டியை அடித்துப் பிறந்த வீட்டில் பங்கு கேட்டு வா என்று அனுப்புகிறவனும், வந்த பங்கைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளுகிறவனும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த மச்சானும் ஓர் ஆண்தானே? அவன் வீட்டில் அவன் தங்கைக்கு நீங்கள்தான் மச்சான், அல்லது உங்களைப் போல் ஒருவன் மச்சான். எல்லா ஆண்களும் அடுத்த வீட்டு ஆணைக் காட்டித் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்காமலிருந்தால் கணக்கு எப்போது தீரும்? வீட்டில் திருடன் வருவான் என்பதற்காகச் சம்பளமே வாங்காமல் இருக்கிறீர்களா?

இன்னொன்று சொல்ல வேண்டும். தங்கை வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்றால், மானம் போயிற்று என்று அரிவாளைத் தூக்குகிற அண்ணன்மார்கள் இந்த நாட்டில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த மானம் தங்கையின் பங்கை மூன்று போகமும் அறுத்துச் சாப்பிடும்போது போவதில்லை. அவள் உடம்பின் மேல் தனக்குப் பாத்தியதை உண்டு என்கிறான். நிலத்தின் மேல் அவளுக்குப் பாத்தியதை இல்லை என்கிறான். இரண்டும் ஒரே பட்டாவின் இரண்டு பக்கம். நிலமும் சாதியும் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் பெண்ணைக் கட்டிப்போடுகிறார்கள்.

இனி, ஆண் என்ன செய்ய வேண்டும்? தகப்பன் இறந்ததும் வாரிசுச் சான்று வாங்குகிறபோது அக்காள் தங்கைகள் பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாவை எல்லார் பேரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்ற மனுப் போடுங்கள். அவள் தூரத்து ஊரில் இருந்து பயிர் செய்ய முடியவில்லையென்றால் நீங்களே உழுதுகொண்டு, ஊரில் நடக்கும் குத்தகையை வருஷா வருஷம் அவள் கையில், அவள் பேங்குக் கணக்கில், கொடுங்கள். சீர் என்ற பேரில் அல்ல. குத்தகை என்ற பேரில். இவ்வளவுக்குப் பிறகும் அவள் மனப்பூர்வமாக விட்டுக் கொடுக்கிறேன் என்றால், கருமாதி வீட்டில் கையெழுத்து வாங்காதீர்கள். ஒரு வருஷம் போகட்டும். உங்கள் வக்கீல் அல்லாத ஒருவர் அவளுக்குப் பத்திரத்தைப் படித்துச் சொல்லட்டும். ரிஜிஸ்தர் ஆன பின் திரும்பப் பெறுவது லேசான காரியமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நிற்க, சொத்தே இல்லாதவர்களும் இங்கே பாதிப்பேர் இருக்கிறீர்கள். கல் உடைத்தும் கூலிக்கு நாற்று நட்டும் பிழைக்கிறவர்கள். "எங்களிடம் கீழே வைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். ஆண் என்ற ஒன்று இருக்கிறதே! மல்லாட்டை பிடுங்குவதிலும் களையெடுப்பதிலும் பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்பதை எதிர்த்து நீங்கள் ஒரு நாளாவது வேலைக்குப் போகாமல் நின்றதுண்டா? சமகூலிச் சட்டம் 1976லேயே வந்ததே, எந்த ஆண் கூலிக்காரன் அதைக் கேட்டான்? வேலை முடிந்து இருவரும் சேர்ந்தே வீடு திரும்புகிறீர்கள். நீங்கள் டீக்கடைக்கு, அவள் அடுப்புக்கு. இந்திய சர்க்கார் 2019ல் எடுத்த கணக்குப்படி வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள். ஆண் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை என்று ஏதாவது செய்கிற ஆண்களை மட்டும் சேர்த்துச் சொன்ன கணக்கு. நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட ஆண்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இதைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. பாத்திரம் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

நீளப் பேச வேண்டியது வேறொன்று இருக்கிறது. சொல்லக் கூச்சப்படுகிறார்கள்; நமக்குக் கூச்சமில்லை. பிள்ளை போதும் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்கிறார்கள். ஆபரேஷன் யாருக்கு? 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கில், தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதிலுள்ள கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒன்று! பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கோ மரக்கும் ஊசி போட்டு, கால் மணி, அரைமணியில் முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கத்தி வைத்துக் கீறாமலே செய்கிற முறையைச் சீனாவில் 1974லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று மாதம் வரையில் ஜாக்கிரதையாக இருந்து, பிறகு ஒரு பரிசோதனை செய்துகொண்டால் தீர்ந்தது. இவ்வளவு லேசானதை ஆண் செய்துகொள்ளாமல், பிள்ளை பெற்ற அலுப்பு தீராத பெண்ணைப் படுக்க வைக்கிறான். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்கு வரிசையாக இந்த ஆபரேஷன் செய்து, பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் செத்தே போனார்கள். அவர்களில் ஒருத்தியின் புருஷனாவது முதல் நாள் "நான் போகிறேன்" என்று கிளம்பியிருந்தால் அந்த ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய் இருந்திருப்பாள்.

"மூட்டை தூக்க முடியாதே, பலம் போய்விடுமே, ஆண்மை போய்விடுமே" என்கிறார்கள். சில நாள் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். அதற்கப்புறம் ஏர் ஓட்டலாம், கல் உடைக்கலாம், எல்லாம் செய்யலாம். விதையில் சுரக்க வேண்டியது சுரந்துகொண்டே இருக்கும், குழாயைத்தான் கட்டுகிறார்கள். பயத்திற்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1975-77 நெருக்கடிக் காலத்தில் வடநாட்டில் ஏழைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டாயப்படுத்தினார்கள். 1976-77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்த அக்கிரமத்தின் பிறகு சர்க்கார் ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைப் பிடித்தது. ஆண் மேல் கைவைத்தால் கவர்ன்மெண்டு கவிழும், பெண் மேல் கைவைத்தால் கேட்பார் இல்லை என்பதுதான் அதில் கற்ற பாடம்! இதே சென்னை ராஜ்யத்தில் 1950களில் சர்க்கார் சொன்னதைக் கேட்டு ஆயிரக்கணக்கான ஆண்கள் தாமாகவே போய்ச் செய்துகொண்டார்கள். உங்கள் பாட்டன்மாருக்கு இருந்த துணிச்சல் உங்களுக்கு எங்கே போயிற்று? கர்ப்பத்தடையைப் பற்றி 1930லேயே பெரியார் எழுதியது, நாட்டில் ஜனத்தொகை பெருகுகிறதே என்பதற்காக அல்ல. பிள்ளை பெறுவதாலேயே பெண் அடிமையாகிறாள் என்பதற்காக. அதை மேடையில் படிக்கிற தோழர்களே, உங்களில் எத்தனை பேர் திண்டிவனம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தீர்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, பஞ்சாயத்து. 2016 முதல் நம் மாகாணத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம். ஓட்டுப் போட்டு ஒரு பெண்ணைத் தலைவராக்குகிறோம். ஆபீசில் போய்ப் பார்த்தால் நாற்காலியில் மீசை உட்கார்ந்திருக்கிறது. "தலைவர் எங்கே?" என்றால், "சொல்லுங்க, நான்தான் தலைவர் வீட்டுக்காரர்" என்கிறார். இதற்கு அவரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. மனுவை அவரிடம் கொடுக்கிறது யார்? நாம்தானே! குழாய் உடைந்தது, விளக்கு எரியவில்லை என்று எந்தக் காரியமானாலும், "அம்மாவிடம்தான் சொல்லுவோம், கூப்பிடுங்கள்" என்று பத்து ஆண்கள் பத்துத் தடவை வாசலில் நின்றால், பதினோராவது தடவை அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்.

பேச்சின் நடுவே ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. எழுதினவர் பெயர் போடவில்லை. "ஒரு ஏக்கராதான் இருக்கிறது. இரண்டு பிள்ளை, மூன்று பெண். அஞ்சாகப் பிரித்தால் ஆளுக்கு இருபது சென்ட். யாருக்கும் பிரயோசனமில்லையே?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அஞ்சு பேரும் பிள்ளைகளாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீரோ அதைச் செய்யும். பிரிக்காமல் சேர்ந்தே பயிரிட்டு வெள்ளாமையைப் பங்கு போடலாம். ஒருவர் உழுது மற்றவர்களுக்குக் குத்தகை அளக்கலாம். ஒருவர் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு இன்றைய மார்க்கெட் விலையைக் கொடுக்கலாம். புடவை விலையை அல்ல.

கூட்டம் முடிந்ததும் இந்தப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலேயே நம் தோழர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து வாரிசுச் சான்றுக்கும் கூட்டுப் பட்டாவுக்கும் மனு எழுதித் தருவார்கள். தகப்பனாரின் இறப்புச் சான்று, பழைய பட்டா, சிட்டா நகல், எல்லாப் பிள்ளைகளின் பெயர் விவரம் இவற்றைக் கொண்டுவர வேண்டும். எழுத்துக்கூலி கிடையாது. தாய்மார்கள் முதலில் வரலாம்.